வரிசையறிந்த வல்லார்: லூயிஸ் கரோல்

வரிசை என்னும் சொல் நம் தமிழில் இரு பொருள் உடையது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஒழுங்கு அதன் ஒரு பொருள். ஒருவர்தம் தகுதிக்கு ஏற்பச் செய்யப்படும் சிறப்பு மற்றொரு பொருள். பரிசிலர்க்கு வாரி வழங்குதல் எளிது, அவரவர் தரம் அறிந்து வழங்குதலே அரிது என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் அறிவுறுத்திய செய்தியைப் புறநானூற்றில் கற்றிருக்கின்றோம். அவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதைக் கணிதத்தாலும் தருக்கத்தாலும் எடுத்துக்காட்டிய அறிஞர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தனர். உலகம் அவரைச் சிறுவர்க்குக் கதை கூறியவராக மட்டுமே பெரிதும் அறியும். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் வரலாறு நம்மனோர்க்கு மிகவும் வேண்டப்படுவதாகும். பட்டம் பெற்று வெளிச்செல்லும் மாணவர் எழுதும் போட்டித் தேர்வுகளில் பகுத்தறிவைச் சோதிக்கும் பகுதி ஒன்று தவறாது இடம்பெறுகின்றது. அறுவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துள்ளனர், இன்னார் இன்னாருக்கு வலப்புறத்தார், இன்னாருக்கு எதிரே இன்னார் என்றாற்போலச் சில குறிப்புகளைத் தந்து, முழு வரிசையையும் கூறுமாறு வினவுவர். இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும் உளர். குறுக்குவழிகளை மனப்பாடம் செய்து தப்பிக்க எண்ணுவாரும் உளர். இவ்வினாக்களின் உள்ளே உறைவது யாது, அதனால் எய்தும் பயன் யாது என்பதை இவர் வாழ்வு தெற்றென விளக்கும்.

பிறப்பும் இளமையும்

சார்ல்ஸ் லட்விஜ் டாட்ஜ்சன் என்பது இவருடைய இயற்பெயர். 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் செஷயர்ப் பகுதியில் உள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக ஊழியம் செய்தவர். பெண்மக்கள் எழுவரும் ஆண்மக்கள் நால்வருமாகப் பதினொரு குழந்தைகள் நிறைந்த அக்குடும்பத்தில் இவர் மூன்றாம் பிள்ளை, ஆண்மக்களுள் மூத்தவர். 1843-ஆம் ஆண்டில் தந்தையார் யார்க்ஷயரில் உள்ள கிராஃப்ட் என்னும் ஊருக்கு மாற்றம் பெறவே, குடும்பம் அங்கே குடியேறியது.

பெரிய குடும்பத்தின் மூத்த மகன் தம்பி தங்கையரை மகிழ்விக்கும் கடமையைத் தானே மேற்கொள்வது இயல்பன்றோ? இளைஞர் சார்ல்ஸ் குருமனைத் தோட்டத்தில் புகைவண்டி விளையாட்டு ஒன்றை அமைத்தார். நிலையங்கள் குறித்து, பயணிகள் கைக்கொள்ள வேண்டிய சட்டங்களையும் எழுதி வைத்தார். குடும்பத்தார் மட்டும் படிப்பதற்கென்று கையெழுத்துப் பத்திரிகைகளும் நடத்தினார். விளையாட்டாயினும் அதற்கொரு விதி வேண்டும், அவ்விதி அனைவர்க்கும் ஒப்ப நடைபெற வேண்டும் என்னும் எண்ணம் அந்நாளிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியிருந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய தருக்க நூல்களுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

இளமை முதல் இவருக்குத் திக்குவாய் உண்டு. உடன்பிறந்தாருள் வேறு சிலரும் அக்குறை உடையவராயிருந்தனர். எழுதும்போது ஓடும் சொல் பேசும்போது தடைப்பட்டது. வாழ்நாள் முழுவதும் அது அவரை விட்டு நீங்கவில்லை.

ரிச்மண்டு பள்ளியிலும், 1846 முதல் 1849 வரை புகழ்பெற்ற ரக்பிப் பள்ளியிலும் பயின்றார். 1851-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் வந்து தங்கினார். வந்த சில நாட்களுக்குள் அன்னையார் இறைவனடி சேர்ந்த செய்தி எட்டியது. ஈமக்கடன் முடித்துத் திரும்பி வந்த அம்மாணவர், பின்னர்த் தம் இறுதிநாள் வரை ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கல்லூரியையே இல்லமாகக் கொண்டார்.

கல்லூரி வாழ்வும் திருப்பணியும்

1852-இல் அக்கல்லூரியின் நிலையான உறுப்பினர் பதவி இவருக்குக் கிடைத்தது. அப்பதவியில் இருப்பார் மணம் புரியாதிருத்தல் வேண்டும். குருத்துவத்திற்கும் ஆயத்தப்படல் வேண்டும். 1854-இல் கணிதத்தில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். 1855-இல் கணித விரிவுரையாளராய் அமர்ந்து, 1881 வரை அப்பணி ஆற்றினார். நாத்தடையும் கூச்சமும் உடைய அவரது விரிவுரையில் சுவை குறைவு என்று கேட்டோர் கூறினர். மாணவர் கூட்டத்தைத் தம் பேச்சால் கட்டிவைக்க வல்லார் அவர் அல்லர்.

1856-இல் பத்திரிகைக்குச் செய்யுள் எழுதுகையில் அவர் புனைபெயர் ஒன்று தெரிந்தெடுத்தார். சார்ல்ஸ் லட்விஜ் என்னும் தம் பெயர்களை இலத்தீனில் கரோலுஸ், லுடோவிக்குஸ் என ஆக்கினார், முன்பின்னாக இடம் மாற்றினார், மீண்டும் ஆங்கிலமாக்கினார். லூயிஸ் கரோல் பிறந்தது. பெயர் சூட்டுவதிலும் வரிசையை மாற்றிப் பார்க்கும் விளையாட்டே அவர்க்கு உவப்பாயிருந்தது.

1861-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு அத்தியட்சர் சாமுவேல் வில்பர்போர்ஸ் இவரை உதவிக்குருவாக அபிஷேகம் செய்தார். முழுக் குருத்துவத்தை இவர் ஏற்கவில்லை. நாத்தடை அதற்கொரு காரணம் என்பர். விதிப்படி நோக்கின் அவர் பதவியை இழந்திருத்தல் கூடும். கல்லூரித் தலைவர் லிடெல் அவரை வற்புறுத்தாது விட்டனர். குருவாகாமலே அவர் இறுதிவரை உதவிக்குருவாக நின்றார். அஞ்சி அஞ்சியேனும் சிற்சில வேளைகளில் பிரசங்கமும் செய்தார். வேத விஷயங்களை நகைப்புக்கு இடமாக்குவதை அவர் ஒருபோதும் பொறுத்திலர்.

அத்தலைவர் லிடெலின் பெண்மக்கள் மூவருடன் 1862-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் தேம்ஸ் நதியில் படகேறிச் சென்றபோது அவர் கூறிய கதையே, 1865-இல் வெளிவந்த ஆலிஸ் கதை. 1871-இல் அதன் இரண்டாம் பகுதி தோன்றியது. இவற்றின் புகழை நாம் விரித்துரைத்தல் வேண்டா. ஒன்று மட்டும் கூறுதல் தகும். விக்டோரியா மகாராணியார் ஆலிஸ் கதையைப் படித்து மகிழ்ந்து, ஆசிரியரின் அடுத்த நூலை அனுப்பக் கேட்டதாகவும், இவர் கடினமான கணித நூலொன்றை அனுப்பியதாகவும் வேடிக்கைக் கதை ஒன்று ஊரெங்கும் உலவியது. தமக்குப் புகழ் தருவதாயினும், அது முற்றிலும் பொய் என்று 1896-இல் தம் தருக்க நூலிலேயே அச்சிட்டு மறுத்தார். நடவாததை நடந்ததாகக் கொள்ள ஒருப்படாத மனமே தருக்கத்திற்கு உரிய மனம்.

பந்தாட்டமும் பரிசும்

இனி அவர் வாழ்வில் வரிசை பற்றிய ஆராய்ச்சி தலையெடுத்த இடங்களைக் காண்போம். ஒருகால் அவர் புல்தரை டென்னிஸ் பந்தயம் ஒன்றைக் காணச் சென்றிருந்தார். ஆடினோருள் ஒருவர் மிக வருந்தி முறையிடக் கேட்டார். தொடக்கச் சுற்றிலேயே தோற்று விலக்கப்பட்டவர் அவர். தம்மினும் பெரிதும் தாழ்ந்தவர் என்று தாம் நன்கறிந்த ஒருவர் இறுதியில் இரண்டாம் பரிசை ஏந்திச் செல்வதை அவர் கண்ணெதிரே காண நேர்ந்தது. ஏனையோர் இதனைத் தோற்றவரின் புலம்பல் என்று தள்ளியிருப்பர். டாட்ஜ்சனோ அப்புலம்பலில் நீதி உளதா என்று கணக்கிட்டுப் பார்த்தார். 1883-இல் தம் இயற்பெயராலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

அவர் காட்டிய குறை இது. முப்பத்திருவர் இருவர் இருவராக ஆடுகின்றனர். தோற்றவர் விலக, வென்றவர் மேற்சுற்றுக்குச் செல்கின்றனர். ஐந்து சுற்றில் ஒருவர் எஞ்சுவார். அவர் முதல்வர் என்பதில் ஐயம் இல்லை. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் இரண்டாம் பரிசு பெறுகின்றனர். அவர் உண்மையில் இரண்டாமவர்தாமா? திறமையில் இரண்டாம் இடத்தவர் முதல்வரை முதற்சுற்றிலேயே எதிர்ப்பட்டிருந்தால், அன்றே வீடு திரும்பியிருப்பாரன்றோ? முதல்வர் நிற்கும் இடம் போக எஞ்சியவை 31 இடங்கள். அவற்றுள் 15 முதல்வரின் பாதியிலும், 16 மறுபாதியிலும் உள்ளன. மறுபாதியில் நின்றாலன்றி இரண்டாமவர் இறுதி ஆட்டத்தை எட்டமாட்டார். ஆகவே அவர் தமக்குரிய பரிசைப் பெறும் வாய்ப்பு 31-இல் 16 பங்கே. நாணயத்தைச் சுண்டிப் பரிசு கொடுப்பதினும் இது சிறிதே மேலானது. முதல் நால்வரும் தத்தமக்குரிய பரிசைப் பெறுதலோ, பதின்மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே உடையது என்று அவர் கணக்கிட்டார்.

குறை காட்டியதோடு அவர் நிற்கவில்லை. மாற்று முறையும் வகுத்தார். ஆடுவோர் ஒவ்வொருவர் பெயர்க்கும் நேரே அவருக்கு மேலானோர் பட்டியல் ஒன்று வைக்கப்படும். தம்மை வென்றவர் தமக்கு மேலானவர். அவரை வென்றவரும் தமக்கு மேலானவரே. இங்ஙனம் ஒருவர்க்கு மேலானோர் மூவர் என்று தெளிவாகும்போது, மூன்று பரிசுகளுள் எதற்கும் அவர் உரியர் அல்லர் என விலக்கலாம், அதற்குமுன் விலக்கலாகாது. ஒரு தோல்வியால் எவரும் தள்ளப்படார். முருகனை வேலன் வென்றான், வேலனைக் கண்ணன் வென்றான் எனின், கண்ணனும் முருகனும் ஆடாமலே அவர்தம் வரிசையை அறிந்துகொள்கின்றோம். தேர்வுத் தாள்களில் இற்றைநாள் வரும் வரிசை வினாக்கள் அனைத்திற்கும் உயிர்நாடி இந்த ஒரு படியே.

பந்தாட்டக் கழகத்தார் அவர் முறையை ஏற்கவில்லை. ஆயினும் அவர் சுட்டிய குறையை உலகம் பின்னர் உணர்ந்தது. 1927 முதல் விம்பிள்டன் பந்தயத்தில் திறமை மிக்காரைத் தொடக்கச் சுற்றுகளில் ஒருவரையொருவர் எதிர்ப்படாதவாறு பிரித்து நிறுத்தும் வழக்கம் வேரூன்றியது. கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத் 1973-இல் வெளியிட்ட தம் பெருநூலின் மூன்றாம் தொகுதியில், பலவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் மிகக் குறைந்த ஒப்பீடுகளால் தேர்ந்தெடுக்கும் பகுதியை இந்தப் பந்தாட்டச் சிறுநூலிலிருந்தே தொடங்குகின்றனர்.

வாக்கும் வரிசையும்

பந்தாட்டத்திற்குப் பத்தாண்டுகள் முன்னரே, கல்லூரி அவையில் வாக்கெடுக்கும் முறை இவர் மனத்தை ஈர்த்தது. பதவிக்கு ஆள் தேர்தல், மணிக்கூண்டுக் கட்டடத்திற்கு வரைபடம் தேர்தல் முதலிய செய்திகளில் மூன்று நான்கு கருத்துகள் எழும்போது, பெரும்பான்மை என்பதை எவ்வாறு அறிவது? 1873, 1874, 1876 ஆகிய ஆண்டுகளில் இவர் மூன்று சிறு வெளியீடுகளை அச்சிட்டார்.

அவற்றில் அவர் கண்டு வியந்த புதிர் கருதத்தக்கது. அ, இ, உ என்னும் மூன்று திட்டங்களை மூவர் வரிசைப்படுத்துகின்றனர் எனக் கொள்க. முதல்வர் அ, இ, உ என்றும், இரண்டாமவர் இ, உ, அ என்றும், மூன்றாமவர் உ, அ, இ என்றும் கொள்கின்றனர். அ இ-யினும் மேல் என்பார் இருவர். இ உ-வினும் மேல் என்பாரும் இருவர். ஆகவே அ உ-வினும் மேலாதல் வேண்டும். ஆனால் உ அ-வினும் மேல் என்பாரும் இருவரே! வட்டமிட்டுச் சுழலும் இவ்வமைப்பில் முதலும் இல்லை, கடையும் இல்லை. அவையோர் ஒவ்வொருவரும் ஒழுங்குற எண்ணியும், அவை முழுவதற்கும் ஒழுங்கு இல்லாது போயிற்று. வெற்றி தோல்வியில் தலைமுறை போலத் தொடர்ந்துசெல்லும் மேன்மை, பலர் கருத்தைத் தொகுக்கும்போது தொடராமல் அறுந்துவிடுகின்றது. எல்லாவற்றிற்கும் வரிசை உண்டு என்று கொண்டு தொடங்குதல் கூடாது. வரிசை உளதா என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும் என்னும் பாடம் இதனால் பெறப்படும்.

பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785-இல் இதனைக் கண்டிருந்தார். அவர் நூலை அறியாமலே டாட்ஜ்சன் தாமே கண்டனர் என்பது பொருளியல் அறிஞர் டங்கன் பிளாக் ஆராய்ந்து கூறியது. 1958-இல் பிளாக் தம் நூலில் அச்சிறு வெளியீடுகளை மறுபதிப்புச் செய்தபின்னரே உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது.

தருக்கம் என்னும் விளையாட்டு

1881-இல் விரிவுரைப் பணியை விட்டபின், இறுதி ஆண்டுகளில் அவர் தம் ஆற்றலை யெல்லாம் தருக்கத்திற்கே செலவிட்டார். கற்றார் மட்டும் பயிலும் வறண்ட கலையாக அது கிடந்தமையைக் கண்டு, சிறுவரும் பெண்மக்களும் விரும்பிப் பயிலத் தக்கதாக அதனை ஆக்க எண்ணினார். 1886-இல் தருக்க விளையாட்டு என்னும் நூல் வெளிவந்தது. அதனுடன் கட்டங்கள் வரைந்த அட்டை ஒன்றும், சிவப்புக் காய்கள் நான்கும், சாம்பல் நிறக் காய்கள் ஐந்தும் சேர்த்து விற்கப்பட்டன. ஒரு கட்டத்தில் ஏதேனும் உண்டு என்று தெரிந்தால் சிவப்புக் காய். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சாம்பல் நிறக் காய். ஒன்றும் தெரியாவிடில் கட்டம் வெறுமையாகவே விடப்படும். இல்லை என்பதும் தெரியாது என்பதும் வேறு வேறு என்று காய்களாலேயே கற்பித்த நயம் போற்றத்தக்கது. ஆக்ஸ்போர்டில் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கும், லேடி மார்கரெட் ஹால் என்னும் மகளிர் கல்லூரிக்கும் சென்று அவர் தாமே தருக்கம் கற்பித்தார்.

1896-இல் குறியீட்டுத் தருக்கத்தின் முதற்பகுதி வெளிவந்தது. புத்தகங்களிலும் செய்தித்தாள்களிலும் மேடைப் பேச்சிலும், பிரசங்கங்களிலுங்கூட மறைந்துவரும் போலி நியாயங்களைப் பிளந்து காணும் திறனைத் தருக்கம் அளிக்கும் என்பது அந்நூலின் முன்னுரைக் கருத்து. பிரசங்கத்தையும் சேர்த்துக் கூறியவர் தாமும் பிரசங்கம் செய்த ஓர் உதவிக்குரு என்பதை நோக்குக.

அந்நூலில் அவர் பெரிதும் விரும்பியவை தொடர்த் தருக்கக் கணக்குகள். நகைச்சுவை ததும்பும் கூற்றுகள் பலவற்றை முறை கலைத்து வைத்து, அவற்றை முறைப்படுத்தி முடிபு காணுமாறு கேட்பார். அவர் முறையில் நாமே ஒன்று அமைத்துப் பார்ப்போம். இசையறிந்த எவ்வுயிரும் விடியலில் உரத்துக் கரையாது; இசையறியாத எவ்வுயிரும் நம் கல்லூரிப் பாடகர் குழுவில் சேர்க்கப்படாது; காக்கைகள் யாவும் விடியலில் உரத்துக் கரையும். இம்மூன்று கூற்றிலும் விடியற் கரைதல் இருமுறை வந்துளது. இசையறிவும் இருமுறை வந்துளது. காக்கையும் பாடகர் குழுவும் ஒவ்வொரு முறையே வந்துள. இருமுறை வருவன சங்கிலியின் இடைக்கண்ணிகள். ஒருமுறை வருவன அதன் இரு முனைகள். காக்கையிலிருந்து தொடங்கிக் கண்ணிகளைக் கோத்தால், காக்கை கரையும், கரைவதற்கு இசையறிவு இல்லை, இசையறிவு இல்லாததற்குக் குழுவில் இடமில்லை என முடியும். காக்கை எதுவும் நம் பாடகர் குழுவில் இல்லை என்பதே முடிபு. நகைப்பிற்குரிய செய்தியே ஆயினும் பிழையற்ற நியாயம்.

இதே முறையைத் தேர்வு வினா ஒன்றிற்குப் பொருத்திக் காண்போம். ஐவர் ஓடினர். மணி வேலனுக்கு முன் வந்தான். காசிம் நம்பிக்கு முன் வந்தான். யோசேப்பு மணிக்கு முன் வந்தான். நம்பி யோசேப்புக்கு முன் வந்தான். இங்கும் காசிமும் வேலனும் ஒவ்வொரு முறையே வருகின்றனர், அவர்களே முனைகள். காசிமிலிருந்து கண்ணிகளைக் கோக்க, காசிம், நம்பி, யோசேப்பு, மணி, வேலன் என்னும் வரிசை தானே அமைகின்றது.

இனி நான்காம் குறிப்பை நீக்கிவிட்டு, முதலில் வந்தவன் யார் என்று வினவுக. அப்போது ஒரே சங்கிலி இரண்டாக அறுந்துவிடுகின்றது. ஒன்றில் காசிமும் நம்பியும். மற்றொன்றில் யோசேப்பும் மணியும் வேலனும். முதல்வன் காசிமாகவும் இருக்கலாம், யோசேப்பாகவும் இருக்கலாம். விரைந்து விடையெழுதும் மாணவன், தன் மனத்தில் முன் தோன்றிய பெயரை முதலில் நிறுத்திவிடுவான். சொல்லப்படாத ஒன்றைச் சொல்லப்பட்டதாகக் கொள்ளும் அப்பிழையே வரிசை வினாக்களில் பலரையும் வீழ்த்துவது. கூறிய குறிப்புகளால் துணிய இயலாது என்று எழுதுவதற்கும் அறிவு வேண்டும். அதனினும் அஞ்சாமை வேண்டும். கட்டத்தை வெறுமையாகவே விடுக என்று டாட்ஜ்சன் சிறுமியர்க்குக் கற்பித்ததும் இதுவே.

ஒரு குறிப்பு இருவகையாகப் பொருந்துமிடத்துச் செய்வது என்ன? அதற்கும் அவர் வழி கண்டார். இரண்டனுள் ஒன்றை மெய்யெனக் கொண்டு அதனின்று கிளைப்பனவற்றைக் கிளை கிளையாக எழுதிச் சென்றால், முரண்பட்ட கிளை தானே பட்டுப்போகும், எஞ்சுவதே மெய். இதனை அவர் மர முறை என்றழைத்தார். 1894-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், 40 கூற்றுகள் கொண்ட தொடர்த் தருக்கம் ஒன்றைக் குடிவழி எழுதுவதுபோல் வரிசைப்படுத்தி விடுவித்த மகிழ்ச்சியைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

ஒழுங்கு நிறைந்த வாழ்வு

நூலில் கூறியதை வாழ்விலும் நடத்தியவர் அவர். 1861 முதல் தாம் எழுதிய மடல்களுக்கும் தமக்கு வந்த மடல்களுக்கும் எண்ணிட்டுச் சுருக்கமும் எழுதிப் பதிவேடு வைத்தார். இறக்கும்போது அப்பதிவேட்டின் கடைசி எண் 98,721. விருந்துக்கு வந்தோர் யார் யார், மேசையில் எவ்வரிசையில் அமர்ந்தனர் என்பதையும் குறித்து வைத்தார்; அவர்க்கு இட்ட உணவையும் குறித்தார். வந்தவர்க்கே மீண்டும் மீண்டும் ஒரே உணவு இடலாகாது என்பது அவர் கருத்து. ஒழுங்கின் வேர் பிறர்பால் கொண்ட மதிப்பே என்பது இச்சிறு செயலாலும் விளங்கும்.

இரவில் துயில் வாராத வேளைகளில், தாளும் கோலும் இன்றி மனத்துக்குள்ளேயே கணக்குகளை விடுவித்து வந்தார். அவற்றுள் 72 கணக்குகளை 1893-இல் தலையணைக் கணக்குகள் என்னும் பெயரால் வெளியிட்டார். தனிமையில் உள்ளத்தைத் தாக்கும் ஐயங்களையும் தீய எண்ணங்களையும் விலக்குதற்கு மனத்தை ஒரு நல்ல முயற்சியில் ஈடுபடுத்துவதே மருந்து என்று அதன் முன்னுரையில் விளக்கினார். நம்பிக்கையுடையார்க்கும் ஐயம் எழும் என்பதை மறையாது உரைத்த அவ்வாய்மை அவர் பக்திக்கு இழுக்கன்று, அணியே.

முடிவு

1897-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் கில்ஃபோர்டு நகரில் இருந்த தம் சகோதரியர் இல்லத்திற்குச் சென்றார். தருக்க நூலின் இரண்டாம் பகுதியை முடித்தல் அவர் பேராவல். ஆயின் சளிக்காய்ச்சல் கண்டு, அது நுரையீரலைப் பற்ற, 1898-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் தம் அறுபத்தாறாம் பிறந்தநாளுக்குச் சின்னாட்கள் முன்னதாக இறைவனடி சேர்ந்தார். அந்நகரின் மவுண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முற்றுப்பெறாத இரண்டாம் பகுதி காணாமற்போயிற்று என்றே பலரும் எண்ணியிருந்தனர். அச்சுப்படிகளும் கையெழுத்துகளும் பல்லிடங்களில் சிதறிக் கிடந்தன. வில்லியம் வாரன் பார்ட்லி என்னும் அறிஞர் அவற்றைத் தேடித் தொகுத்து 1977-இல் வெளியிட்டார். மர முறை அப்போதுதான் உலகோர் கண்ணுக்குப் புலனாயிற்று. பந்தாட்டம், வாக்கு, தருக்கம் ஆகிய மூன்றிலும் அவர்க்குரிய வரிசையை உலகம் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அளித்தது.

நண்பர்காள், செபதேயுவின் குமாரர் இருவரும் ஆண்டவரின் வலப்புறத்திலும் இடப்புறத்திலும் அமர இடம் வேண்டிய வரலாற்றை நாம் அறிவோம். விண்ணுலக வரிசையை வகுப்பது மனிதர் கையில் இல்லை. ஆயின் மண்ணுலகில் யார் முன், யார் பின் என்று நாடோறும் நாம் முடிவு செய்துகொண்டே இருக்கின்றோம். நாளை நம்முள் சிலர் ஆசிரியராகி மதிப்பெண் இடுவோம். சிலர் அலுவலராகி விண்ணப்பங்களை முறைப்படுத்துவோம். சிலர் அவைகளில் அமர்ந்து வாக்கெண்ணுவோம். அப்போது தொடக்கச் சுற்றிலேயே விலக்கப்பட்ட ஒருவர் நம் முன் வந்து முறையிடக்கூடும். அம்முறையீட்டைச் செவியில் ஏற்று, அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்த திக்குவாய் உதவிக்குரு ஒருவரை அவ்வேளை நினைவுகூர்வோமாக.